கையில் ஓட்டர் ஐடி, பட்டியலில் பெயர் இல்லை: தேர்தல் சட்டச் சண்டைகளைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

வாக்குப்பதிவு நாளன்று பாலக்கோட்டிலும் சரி, ஓசூரிலும் சரி, பூத் வாசலில் ஒருவராவது இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பார்: "கார்டு இருக்குதுங்க சார், பேரு இல்லன்னா எப்படிங்க?" அவர் கேட்பதில் தப்பே இல்லை. படம் போட்டு, நம்பர் போட்டு, இந்தியத் தேர்தல் ஆணையம் என்று அச்சடித்துக் கொடுத்த அட்டை அது. அதைக் கையில் வைத்திருக்கிறவரிடம் ஓட்டு இல்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

இந்த ஒரு குழப்பம் தெளிந்தால் எஸ்.ஐ.ஆர். எனப்படும் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், ஆதார் இணைப்பு, தேர்தல் சட்டத் திருத்தம் என்று டிவியில் ராத்திரி நடக்கும் சண்டைகளில் பாதி புரிந்துவிடும்.

ஓட்டு விஷயத்தில் அரசு நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்கிறது. ஓட்டுப் போட உங்களுக்குத் தகுதி உண்டா? உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா? வந்து நிற்பது அந்தப் பெயருக்கு உரியவர்தானா? ஒவ்வொன்றையும் கேட்கிற இடம் வேறு, கேட்கிற ஆள் வேறு, அதற்கான சட்டமும் வேறு.

தகுதியைச் சொல்வது அரசியலமைப்பின் 326ஆவது பிரிவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். முன்பு 21 வயதாக இருந்தது. 61ஆவது திருத்தம்தான் அதை 18 ஆக்கியது, 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பட்டியலைப் பார்த்துக்கொள்வது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 1951இல் அதே பெயரில் வந்த இன்னொரு சட்டம் தேர்தல் நடத்துவதைப் பற்றியது. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது என்று அதன் 62ஆவது பிரிவு ஒரே போடாகப் போட்டுவிடுகிறது. மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் அட்டை. டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993இல் அந்த அட்டை வந்தது. அதற்கு முன்பு நாடு பத்துப் பொதுத்தேர்தல்களை அது இல்லாமலேயே நடத்தியிருந்தது. இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளம் கேட்க ஆரம்பித்ததே 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில்தான் என்றால் நம்ப மாட்டீர்கள்.

ரயில் ரிசர்வேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். டிடிஇ முதலில் பார்ப்பது சார்ட்டில் பெயர் இருக்கிறதா என்று. இருந்தால்தான் ஆதாரைக் கேட்பார். சார்ட்டில் இல்லாதவர் ஆதார், பான், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து நீட்டினாலும் பெர்த் கிடைக்காது. வாக்காளர் பட்டியல்தான் சார்ட்.

பூத்துக்குள் என்ன நடக்கிறது

உள்ளே போனதும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். அந்தச் சத்தம் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் பூத் ஏஜென்ட்டுகளுக்காக. அவர்கள் கையிலும் அதே பட்டியல் இருக்கும், டிக் அடித்துக்கொள்வார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். நீங்கள் எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள் என்பதும் அந்தப் பதிவேட்டிலேயே ஏறிவிடும். அப்புறம்தான் மெஷின்.

காட்ட வேண்டியது வாக்காளர் அட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் அதற்கு மாற்றாக 12 ஆவணங்களை ஆணையம் அனுமதித்தது. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், படத்துடன் கூடிய பென்ஷன் ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை என்று போகும் அந்த வரிசை. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் முதலில் கைக்கு வருகிற ரேஷன் ஸ்மார்ட் கார்டு அதில் கிடையாது. வீடு தேடி வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் 2019இலிருந்து தனி ஆவணமாகச் செல்லாது. பாகம் எண், வரிசை எண் தெரிந்துகொள்ள மட்டும்தான் அது.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பட்டியலில் உங்கள் பெயர் இங்கே இருந்தால், அட்டை வேறு தொகுதியில் கொடுத்ததாக இருந்தாலும் செல்லும். அரூரில் வாங்கிய அட்டையை வைத்துக்கொண்டு ஓசூரில் ஓட்டுப் போடலாம், பெயரை ஓசூருக்கு மாற்றியிருந்தால். எழுத்துப் பிழை, அப்பா பெயரில் ஒரு கால் விட்டுப் போனது போன்ற சின்னத் தவறுகளுக்காக ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் ஆணையத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது.

ஆள்மாறாட்டம் என்று சந்தேகம் வந்தால் அதற்கும் விதி வைத்திருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49ஜே என்று ஒன்று. வந்தவர் அந்த ஆள் இல்லை என்று ஏஜென்ட் நினைத்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம். ஆமாம், இரண்டே ரூபாய். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். போலி என்று தெரிந்தால் போலீசில் ஒப்படைப்பார்கள். மாறாக, நீங்கள் போகிறபோது உங்கள் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் 49பி விதி. உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு தருவார்கள். அதை உறையில் போட்டுத் தனியாக வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு என்று வந்தால்தான் எடுப்பார்கள்.

கள்ள ஓட்டு நம் ஊருக்குப் புதிய கதை இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தருமபுரி தொகுதிக்குள் வரும் பாப்பிரெட்டிப்பட்டியில் 8 வாக்குச்சாவடிகளில் முறைகேடு என்று புகார் எழுந்து, மே 19 அன்று மறுவாக்குப்பதிவே நடந்தது. அதனால் 'அடையாளம் எல்லாம் எதற்கு, நம்பி விட்டுவிடலாமே' என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம், பூத்தையே சிலர் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று புகார் வருகிற இடத்தில் எத்தனை வகை அட்டை கேட்டாலும் பிரயோஜனமில்லை. அங்கே வேலை செய்ய வேண்டியவை கேமராவும் எதிர்க்கட்சி ஏஜென்ட்டும் பாதுகாப்புப் படையும்தான்.

யார் எதை மாற்றலாம்

'தேர்தல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள்' என்று செய்தி வரும்போது முதலில் கேட்க வேண்டியது, மாற்றியது யார் என்பதுதான். சட்டம் என்றால் நாடாளுமன்றம். சட்டத்தின் கீழ் வரும் விதிகள் என்றால் மத்திய அரசு, ஆணையத்தைக் கலந்துகொண்டு அரசிதழில் ஓர் அறிவிப்பாக வெளியிட்டுவிடும். அவையில் விவாதம் நடந்து முடியட்டும் என்று காத்திருக்காது. அதற்கும் கீழே ஆணையத்தின் உத்தரவுகள். பூத்தில் எந்த 12 ஆவணம் செல்லும் என்பது அந்தக் கடைசி வகை, ஒரு கடிதத்தில் முடிகிற விஷயம்.

2024 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். தேர்தல் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிடலாம் என்று சொல்லும் 93ஆவது விதியைத் திருத்தி, சிசிடிவி பதிவு போன்ற மின்னணுப் பதிவுகள் அதில் வராதபடி செய்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பும் இல்லை. சட்டம் மாறினால் தலைப்புச் செய்தி. விதி மாறினால் உள்பக்கத்தில் நாலு வரி. வாக்காளருக்கு இரண்டாவதுதான் அதிகம் உறைக்கும் என்பது என் கருத்து.

நாடாளுமன்றம் வழியாக வந்த பெரிய மாற்றம் 2021ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம். அதில் நல்லதும் உண்டு. முன்பு ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் அந்த ஆண்டுப் பட்டியலில் சேரலாம்; ஜனவரி 5 அன்று பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள். சர்ச்சை கிளம்பியது இன்னொரு பகுதியில்: வாக்காளர் பதிவோடு ஆதாரை இணைப்பது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஆதார் தர முடியாததற்காக யார் பெயரையும் சேர்க்காமல் விடவோ நீக்கவோ கூடாது. 'தக்க காரணம்' இருக்க வேண்டும் என்று ஒரு சொல்லை மட்டும் நடுவில் செருகியிருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்துக்காக வந்த 6பி படிவத்தை எடுத்துப் பார்த்தால் சங்கதி விளங்கும். அதில் இரண்டே கட்டங்கள். ஒன்று, ஆதார் எண் இதோ. இன்னொன்று, என்னிடம் ஆதார் இல்லாததால் தர முடியவில்லை. 'இருக்கிறது, ஆனால் தர விருப்பமில்லை' என்று சொல்ல மூன்றாவது கட்டம் கிடையாது. விருப்பம்தான் என்று வாயால் சொல்லிவிட்டு, படிவத்தில் விருப்பத்துக்கு இடமே வைக்காதது நேர்மை இல்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 2023 செப்டம்பரில், ஆதார் கட்டாயமில்லை என்றும் படிவங்களில் அதற்கேற்ற தெளிவு கொண்டுவருவோம் என்றும் ஆணையமே சொன்னது.

இணைப்பு வேண்டும் என்பவர்கள் சொல்லும் நியாயமும் லேசுப்பட்டதல்ல. பெங்களூருவில் ஒரு ஓட்டு, ஊரில் ஒரு ஓட்டு என்று வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்தது. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு, பெங்களூருவில் ஏப்ரல் 26. ஒரு வாரம் இடைவெளி. எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். விரல் மை ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்பதில்லை. பொய்யான உறுதிமொழி கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. ஆனால் இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க எண் வேண்டும் என்பது ஒரு வாதம். எண் கொடுக்காதவரைச் சந்தேகப்படுவது வேறு. இரண்டையும் கலந்து பேசும்போதுதான் விவாதம் கெட்டுப்போகிறது.

எஸ்.ஐ.ஆரும் பூட்டிய வீடும்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். எஸ்.ஐ.ஆர். என்பது சிறப்புத் தீவிரத் திருத்தம். வழக்கமான திருத்தத்தில் இருக்கும் பட்டியலில் சேர்ப்பார்கள், நீக்குவார்கள். தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்பி வந்த படிவங்களை வைத்துப் பட்டியலையே புதிதாக எழுதுவார்கள். 2025 ஜூனில் பீகாரில் தொடங்கியது; நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. திமுக எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது, அதிமுக ஆதரித்துப் போனது. சுமார் 6.41 கோடி பெயர்கள் இருந்த பட்டியல், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில் சுமார் 5.43 கோடி ஆனது.

விடுபட்ட 97 லட்சத்துச் சொச்சத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். இரட்டைப் பதிவு மூன்றரை லட்சம்கூட இல்லை. 66 லட்சத்துக்கும் மேல் 'இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர்' கணக்கில் வருகிறார்கள். டிவியில் கத்துவதெல்லாம் கள்ள ஓட்டு, இரட்டை ஓட்டு பற்றி. பட்டியல் சுருங்கியதற்குப் பெரிய காரணம் ஆட்கள் வீட்டில் இல்லாததுதான்.

தருமபுரி மாவட்டத்துக்கு இது எங்கே இடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் பாதி வீட்டில் ஒருவராவது பெங்களூருவில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருப்பார். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார்கள். படிவம் கொண்டுபோகும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்), பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியரோ பள்ளி ஆசிரியரோ, மூன்று தடவை போய்ப் பார்ப்பார். கதவில் பூட்டுத் தொங்கும். அவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

1950ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தில்தான் ஓட்டு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஆனால் அதே சட்டத்தின் 20ஆவது பிரிவில், தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது என்றும் இருக்கிறது. அப்படியென்றால் ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போனவரின் ஓட்டு ஊரில்தான். பிள்ளைகளைப் பெங்களூருவில் பள்ளியில் சேர்த்துப் பத்து வருஷமாக அங்கேயே குடியிருப்பவரின் ஓட்டு அங்கே. இடையில் இருப்பவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதைப் பூட்டு சொல்லாது, விசாரித்தால்தான் தெரியும்.

வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடலாமா என்றும் யோசித்துப் பார்த்தார்கள். 72 தொகுதிகள்வரை ஒரே பூத்தில் கையாளும் தொலைதூர வாக்குப்பதிவு மெஷினை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. எதிர்க்கட்சிகள் பலவும் எதிர்த்தன, அதோடு நின்றது. புலம்பெயர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நேரடியாக உதவியிருக்கக்கூடிய மாற்றம் அது ஒன்றுதான். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பழைய பட்டியலோடு பொருத்துவது இன்னொரு தலைவலி. 2002, 2005இல் நடந்த முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்தால் தனி ஆவணம் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதே 2004 பிப்ரவரியில். 2002 பட்டியலில் அது தருமபுரிக்குள் இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டி, வேப்பனப்பள்ளி என்ற தொகுதிகள் 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு வந்தவை. அதற்கு முன்பு மொரப்பூர் இருந்தது, காவேரிப்பட்டணம் இருந்தது. இன்றைய தொகுதிப் பெயரைப் போட்டுத் தேடினால் பழைய பட்டியலில் அது எப்படி வரும்? ஆந்திராவின் குப்பத்திலிருந்தோ கர்நாடகத்தின் ஆனேக்கல்லிலிருந்தோ இந்தப் பக்கம் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அவள் பெற்றோர் பெயர் தெலுங்கிலோ கன்னடத்திலோ அச்சான பட்டியலில் இருக்கும்.

பொருந்தாதவர்களுக்கு நோட்டீஸ் வரும், பிறந்த தேதியைப் பொறுத்து ஆவணம் கேட்பார்கள். 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் தன்னுடையதைக் காட்டினால் போதும். அதற்குப் பின் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் தாய், தந்தையரில் ஒருவருடையதையும், அதற்கும் பின் பிறந்தவர் இருவருடையதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். குடியுரிமைச் சட்டத்திலிருந்து எடுத்த தேதிகள் இவை. பீகாரில் தொடக்கத்தில் சொன்ன 11 ஆவணங்களில் ஆதாரும் இல்லை, ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை. 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆதாரைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கச் சொன்னது. அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்கு அல்ல என்றும் சொன்னது. தகுதி பற்றிய முதல் கேள்வியும் ஆள் யார் என்ற மூன்றாவது கேள்வியும் இங்கேதான் மோதிக்கொள்கின்றன. அட்டை நீங்கள் யார் என்று சொல்லும். குடிமகனா என்று அது சொல்லாது என்பது ஆணையத்தின் நிலை.

எதிர்ப்பவர்களின் வாதம் ஒரு வரியில்: இருபது வருஷமாக ஓட்டுப் போட்டவர் ஏன் மறுபடி நிரூபிக்க வேண்டும்? இதற்கு ஒரு பழைய தீர்ப்பு துணைக்கு நிற்கிறது. 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பெயருக்கு மதிப்பு உண்டு, நோட்டீஸ் கொடுத்துக் கேட்காமல் அதை நீக்கக் கூடாது என்றது. ஆதரிப்பவர்கள் சொல்வது: செத்தவர் பெயரும் போனவர் பெயரும் இருபது வருஷமாகச் சேர்ந்து கிடந்தால் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு? இரண்டுமே உண்மைதான். தருமபுரியில் 2024இல் வெற்றி வித்தியாசம் 21,300 ஓட்டு. தப்பாகச் சேர்ந்த பெயர்களும் சரி, தப்பாக விடுபட்ட பெயர்களும் சரி, அந்த அளவில் முடிவைப் புரட்டிவிடும். என்னைக் கேட்டால், சுத்தம் செய்வது வேண்டும். ஆனால் ஒருவர் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு நீக்குகிற அலுவலகத்திடம் இருக்க வேண்டும். இருக்கிறேன் என்று நிரூபிக்க ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி ஊருக்கு வருகிற ஆளிடம் அதைத் தள்ளிவிடக் கூடாது.

சரி, பெயர் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? புதிதாகச் சேர 6ஆம் படிவம். முகவரி மாற, பிழை திருத்த, தொலைந்த அட்டைக்குப் பதில் வாங்க 8ஆம் படிவம். அடுத்தவர் பெயரை நீக்கச் சொல்ல 7ஆம் படிவம். இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் பெயருக்கு எதிராகவும் யாராவது கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுத்திருந்தால் விசாரணைக்கு உங்களைக் கூப்பிட்டாக வேண்டும். எதுவாக இருந்தாலும் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்தால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் கைவைக்க முடியாது. வாக்குப்பதிவு நாளில் கலெக்டரே நினைத்தாலும் சேர்க்க முடியாது.

வாக்காளர் பதிவு அலுவலர் உங்களுக்கு எதிராக முடிவு செய்தால் 15 நாளைக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிப்படவில்லை என்றால் 30 நாளைக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இதற்கு அந்த முதல் உத்தரவின் நகல் கையில் இருக்க வேண்டும். தாலுகா ஆபீசில் 'போங்க, பாத்துக்கலாம்' என்று வாயால் சொல்லி அனுப்பினால், எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.